புதுசா வந்த ஈயா, புதுசா பார்த்த ஈயா? பழ ஈ ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஒரு மாந்தோப்புக்காரனின் திறந்த மடல்

ஐயா, அம்மா, தம்பி, தங்கச்சி, பூச்சி ஆராய்ச்சியில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகிற வழியில் நாலு ஏக்கரில் மாமரம் வைத்திருக்கிறவன் நான். பாதிக்கு மேல் பெங்களூரா, மிச்சம் நீலம், வரப்போரம் அப்பா காலத்து செந்தூரா பத்து மரம். பூச்சியியல் படித்தவன் இல்லை. பன்னிரண்டாவதோடு சரி. ஆனால் எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஈ இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் கடைசியில், மழை இரண்டு முறை நல்லா அடித்து ஓய்ந்த வாரம். நீலம் திரண்டு நிற்கிற நேரம். பெங்களூராவை விட நீலத்தில்தான் எனக்கு ஈத்தொல்லை அதிகம், பின்னால் வருகிற காய், மழையும் சேர்ந்துகொள்கிறது. ஏக்கருக்கு நாலு என்று பதினாறு டப்பா கட்டியிருந்தேன். உங்கள் பாஷையில் இனக்கவர்ச்சிப் பொறி, எங்கள் ஊரில் ட்ராப், இல்லாவிட்டால் வெறும் டப்பா. உள்ளே ஈயை வாசனை காட்டி இழுக்கிற மருந்து ஊறிய கட்டை ஒன்று தொங்கும். மூடியைத் திருகினால் முதலில் வாசனைதான் வரும், கிராம்பை நசுக்கிய மாதிரி. அப்புறம் கீழே கைப்பிடி கைப்பிடியாகச் செத்த ஈ. எறும்பு புகுந்த டப்பாவாக இருந்தால் வெறும் இறக்கையும் காலும்தான் மிஞ்சும். வழக்கமாக அதை அப்படியே குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ, பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வாங்கின மொபைல் லென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன்.

அவ்வளவு நாள் 'ஈ' என்று ஒரே பெயரில் கொட்டிக்கொண்டிருந்தது ஒரே ஈ இல்லை.

பெரும்பாலானது முதுகு கறுப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, இறக்கையின் முன் விளிம்பில் மெலிசாக ஒரு பழுப்புக் கரை நுனி வரைக்கும் அறுபடாமல் ஓடுகிறது, வயிற்றில் ஆங்கில T எழுத்து மாதிரி கறுப்புக் குறி. அதோடு கலந்து இன்னொன்று, செம்பழுப்பு நிறம், இறக்கைக் கரை பாதியில் அறுந்து நுனியில் மட்டும் ஒரு பொட்டு. மூன்றாவதுக்கும் அதே மாதிரி நுனிப்பொட்டு, ஆனால் முகத்தில் குறுக்காக மீசை வைத்த மாதிரி கறுப்புக் கோடு. இந்த மூன்றுக்கும் பெயர் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது: பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், சொனேட்டா, கரெக்டா. மூன்றுமே மாங்காயைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிற ஜாதி. சொனேட்டாவுக்கு ஆங்கிலத்தில் பீச் பழ ஈ என்று பெயராம். எங்கள் ஊரில் பீச் பழத்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அதன் ஈ மட்டும் எப்படியோ எங்கள் செந்தூராவில் குடியிருக்கிறது.

நாலாவது ஒன்று இருந்தது. மொத்தத் தட்டிலும் தேடிப் பொறுக்கினால் பதினாலு. முதுகில் இரண்டு மஞ்சள் கோட்டுக்குப் பதிலாக மூன்று. நடு முதுகில், நெற்றியில் நாமம் போட்ட மாதிரி ஒன்று. உடம்பும் கொஞ்சம் சின்னதாக எனக்குப் பட்டது.

உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வப்போது செய்தியில் பார்க்கிறோமே, 'இந்தியாவில் முதல் முறையாகப் பதிவு' என்று, நுனி விரலில் வைத்த பூச்சியின் படத்தோடு. அந்த மாதிரி ஒன்று என் தோப்பில் கிடைத்துவிட்டது என்று ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம் பயம், இது வெளிநாட்டிலிருந்து வந்த புது ஈயாக இருந்தால் அடுத்த வருஷம் நீலத்தை மறந்துவிட வேண்டியதுதான். பதினாலையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை, வேலை நெருக்கடியில் இருந்தார். காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "எல்லாம் ஈதாங்க. மருந்து அடிங்க" என்றார். காகிதத்தோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் பாதி நொறுங்கிவிட்டது.

விடை கிடைத்தது அடுத்த வருஷம், ஆடிப்பெருக்குக்கு. என் தங்கச்சி மகன் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறான், ஒகேனக்கல் போகலாம் என்று வந்திருந்தான். மிச்சமிருந்த ஈயைக் காட்டினேன். அவன் பெயரையெல்லாம் கேட்கவில்லை, நிறத்தைக்கூடக் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "மாமா, இது எந்த மருந்துக் கட்டைக்கு வந்துச்சு?" என்பதுதான்.

மாமரத்தில் கட்டுகிற கட்டைக்குத்தான், மெத்தில் யூஜினால், என்றேன். அப்படியென்றால் பாகற்காய் ஈ இல்லை என்றான். பாகல், பீர்க்கு, பூசணிப் பிஞ்சுகளை அழுக வைக்கிற ஈக்கும் நடு முதுகில் மஞ்சள் கோடு உண்டு, ஆனால் அது கியூ லூர் என்கிற வேறு மருந்துக்குத்தான் வரும். இரண்டு நாள் கழித்து அவன் சீனியர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுச் சொன்னான், இது டைவர்சஸ் என்ற ஈ, பூசணி வகைச் செடிகளின் பூவுக்குள் முட்டை வைக்கும், மாங்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டுப் பூசணிக் கொடி.

ஆக, என் 'புது ஈ' இந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த ஈ. அதிலும் ஒரு வேடிக்கை. 1912-ல் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த ஹௌலெட் என்ற வெள்ளைக்காரப் பூச்சியியலாளர், கொசு அண்டாமலிருக்கப் பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்திய சிட்ரோனெல்லா எண்ணெயில் ஈ வந்து மொய்ப்பதைக் கவனித்து அதை எழுதி வைத்தார். அப்படி வந்த இரண்டு ஜாதியில் ஒன்று இதே டைவர்சஸ். இன்னொன்று சொனேட்டா. அந்த எண்ணெயில் ஈயை இழுப்பது எது என்று தேடிப் போய்த்தான் மெத்தில் யூஜினால் பிடிபட்டது. இன்றைக்கு என் பதினாறு டப்பாவிலும் தொங்குகிற கட்டை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பட்ட தொல்லையில் பிறந்தது. (எங்கள் பக்கத்தில் தேங்காய்த் தொட்டியில் துளசியைக் கசக்கிப் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. துளசியிலும் அதே சரக்குதான்.)

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், 'முதல் பதிவு' என்று நீங்கள் எழுதுகிற அந்த இரண்டு வார்த்தைக்குள் இரண்டு வேறு சங்கதி ஒளிந்திருக்கிறது, எங்களுக்கு அது பிரிந்து தெரிவதில்லை. ஒன்று, ஈ நிஜமாகவே கடல் தாண்டி, பழக்கூடையிலோ விமானப் பயணியின் பையிலோ புதிதாக வந்து இறங்கியது. இன்னொன்று, ஈ எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இங்கேயேதான் இருக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்க்க ஆள் இப்போதுதான் வந்தார். முதலாவதுக்கு நாங்கள் ஓட வேண்டும். இரண்டாவதுக்கு டீ குடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். செய்தியில் இரண்டும் ஒரே எழுத்தளவில்தான் வருகிறது.

ஆப்பிரிக்காவில் நடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்ற தோப்புக்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2003-ல் கென்யாவில் மாங்காயில் ஒரு புது ஈ பிடிபட்டது. கொஞ்ச வருஷத்தில் அந்தக் கண்டத்தில் பாதிக்குப் பரவி மாம்பழ வியாபாரத்தையே படுக்க வைத்தது. 2005-ல் அதற்கு இன்வேடன்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள், அதே ஈ இலங்கையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்து. 2006-ல் இந்தியாவுக்கும் புதிது என்று பதிவானது. அப்புறம் ஜீன், உடல் அமைப்பு, இனச்சேர்க்கை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு 2015-ல் என்ன சொன்னார்கள்? இது தனி ஜாதியே இல்லை, நம்ம பழைய டார்சாலிஸ்தான். கென்யாவுக்கு அது நிஜமாகவே புது விருந்தாளி. நமக்கு வீட்டு ஆள், கொஞ்ச நாள் வேறு பெயரில் ரேஷன் கார்டு வாங்கியிருந்தான். தப்பு என்று சொல்ல வரவில்லை. அறிவியல் அப்படித்தான் நடக்கும், திருத்திக்கொண்டே போகும். ஆனால் 'புதிது' என்று சொன்ன சேதி எங்கள் வரைக்கும் ஏதாவது ஒரு வழியில் வந்துசேர்ந்துவிடுகிறது, 'புதிதில்லை' என்று திருத்திய சேதி வருவதே இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று எங்களில் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் குச்சிக்கிழங்குதான் பதில். 2020-ல் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி, அதுவும் நாட்டுக்குப் புதிது. இங்கே தர்மபுரி, சேலம் பக்கம் வந்து இறங்கியபோது வயலில் நுனியெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு நின்றது. கண்டதையும் அடித்தார்கள், காசுதான் போனது. ஆனால் அதன் பெயர் சரியாகத் தெரிந்ததால்தான், இதே பூச்சி ஆப்பிரிக்காவில் முன்னாடியே ஆடிய ஆட்டமும் அதை அடக்கிய குளவியும் தெரிந்தது. அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து பெருக்கி 2022-ல் ஏத்தாப்பூரில் விட ஆரம்பித்தார்கள். கடுகை விடச் சின்னக் குளவி. பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் தப்பான குளவியைத் தேடிக்கொண்டு இருந்திருப்போம். அதனால் உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரியும். அருமை தெரிவதால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் டப்பாவில் விழுவது அத்தனையும் ஆண் ஈ. காயைக் குத்துகிற பொட்டை ஈ அந்தக் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த விஷயமே பல பேருக்குத் தெரியாது, டப்பா நிறைந்திருக்கிறது, அப்புறம் ஏன் காயில் புழு என்று மண்டியில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அதிலும் மெத்தில் யூஜினாலுக்கு ஒரு கூட்டம் வரும், கியூ லூருக்கு ஒரு கூட்டம் வரும், இரண்டுக்குமே வராத கூட்டம் ஒன்று இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்தரி வகையைத் தாக்குகிற லாட்டிஃப்ரன்ஸ் அந்த ரகம். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் மாந்தோப்பு டப்பாவை வாங்கிக் கட்டினால் அதில் விழப் போவது வேலிக்கு அந்தப் பக்கத்து மாங்காய் ஈதான். அப்படியென்றால் நாட்டில் எந்தெந்த ஈ இருக்கிறது என்று நீங்கள் போடுகிற பட்டியலிலேயே, இந்த இரண்டு வாசனைக்கும் மயங்குகிற ஈதானே அதிகம் இருக்கும்? மயங்காதது எத்தனை விட்டுப்போயிருக்கும்? தேன்கனிக்கோட்டைக் காட்டிலும் அஞ்செட்டிச் சரிவிலும் உதிர்கிற காட்டுப் பழங்களைப் பொறுக்கி, டப்பாவில் மணல் போட்டு அதன் மேல் வைத்து, வலை கட்டி, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி ஈயாக வெளியே வருகிற வரைக்கும் காத்திருந்து பார்த்தால் வருகிறவன் யாரென்று தெரியும். பெரிய வேலை இல்லை. என் பொண்ணு ஒரு அழுகல் நீலத்தை வைத்து இதைச் செய்தாள். புழு உடம்பை வளைத்து வாயும் வாலும் தொட்டுச் சுண்டி விட்ட மாதிரி ஒரு முழம் குதித்ததைப் பார்த்து வீடே அலறியது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ வந்துவிட்டது. (பெங்களூராவிலும் நீலத்திலும் கொட்டைக்குள் இருக்கிற வண்டு வேறு, இது வேறு. மண்டியில் இரண்டுக்கும் 'புழு' என்று ஒரே பெயர், ஒரே கழிவு.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை டப்பா தொங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பர்கூர், ஜகதேவி, வேப்பனப்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, அந்தப் பக்கம் காரிமங்கலம் வரைக்கும். அத்தனையிலும் விழுகிற ஈயை நாங்கள் குழியில் கொட்டுகிறோம். நீங்கள் ஆராய்ச்சிக்கென்று தனியாகப் பத்து டப்பா கட்டிவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை ஜீப் கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள். பையூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பூச்சிகளுக்கென்றே இருக்கிற தேசியப் பணியகம் பெங்களூரு ஹெப்பாளில், எங்களிடமிருந்து பஸ் ஏறினால் அரை நாள் பயணம்கூட இல்லை. எங்கள் குழிக்குப் போகிற ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை, சுற்றுப்பட்ட ஊர் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஒரு மேசை, மூடி போட்ட சின்னக் குப்பிகள், சாராயம் (ஆராய்ச்சிச் சாராயம்தான்), பென்சில். போதும். ஊர், தேதி, எந்த மரம், எந்த மருந்துக் கட்டை என்று எழுதிக் கொடுக்க எங்களுக்குத் தெரியும். என் மருமகன் கேட்ட அந்தக் கேள்வியை நான் இனி மறக்க மாட்டேன்.

பதிலுக்கு நாங்கள் கேட்பது பணம் இல்லை. கட்டுரையில் பெயரும் வேண்டாம், ஊர் பெயர் லேபிளில் சரியான எழுத்தில் இருந்தால் சந்தோஷம். கேட்பது ஒரு பக்கம், தமிழில். நாட்டுக்கோ மாநிலத்துக்கோ புதிது என்று ஒரு ஈயைப் பதிவு செய்கிற அன்றைக்கே அந்த ஒரு பக்கமும் வரட்டும். புதுசாக வந்ததா, புதுசாகப் பார்த்ததா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், கோபப்பட மாட்டோம். அது எதைத் தின்னும், எந்தக் கட்டைக்கு வரும் அல்லது வராது, மற்ற ஈயிலிருந்து கண்ணால் பார்த்துப் பிரிக்க என்ன அடையாளம், எங்கள் மாவை அது தொடுமா. தொடாது என்றால் 'மருந்து அடிக்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில். இந்த ஒரு வரி எத்தனை பேருக்கு எத்தனை டேங்க் மருந்தை மிச்சப்படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படிச் சொல்லாமல் விட்டால் வியாபாரி சொல்லுவார். 2014 மே மாதம் ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்தை நிறுத்தியது, கூடவே கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்கு. சரக்கில் பழ ஈயும் மற்ற பூச்சியும் பிடிபட்டது என்றுதான். 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்குத் தடையை எடுத்தார்கள். பழமாகவே கப்பலேறுகிற மாம்பழத்துக்குப் போட்ட தடைக்கும் கூழுக்குப் போகிற எங்கள் பெங்களூராவுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, கூழைக் கொதிக்க வைத்தால் அதில் எந்த ஈ பிழைக்கும்? ஆனால் ஒரு செய்தி வந்தால் போதும், "வெளியே எடுக்க மாட்டேங்கறாங்க" என்று ரேட்டைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். 'புதிய ஈ' என்ற தலைப்பு மண்டிக்கு வருகிற முன்னால் உங்கள் ஒரு பக்கம் எங்கள் கைக்கு வந்திருந்தால், நாங்களும் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசலாம்.

போன பருவத்தில் நான் எதையும் குழியில் கொட்டவில்லை. கொரோனா காலத்து ஸ்பிரே சானிட்டைசர் வீட்டில் அரை கேன் மிச்சம் இருந்தது, அதை மருந்துக் குப்பிகளில் ஊற்றி, டப்பாவுக்கு ஒரு குப்பியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே போட்டிருக்கிறேன், பேனா மை கரைந்துவிடும் என்று மருமகன் சொன்னான். ஏழாம் நம்பர் மரத்துக் குப்பியில் இரண்டு ஈ இருக்கிறது, முதுகில் கோடே இல்லை, இறக்கை முழுக்கப் புள்ளி. அவனுக்கும் தெரியவில்லை. அவன் சீனியரும் படத்தைப் பார்த்துவிட்டு, நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

குப்பிகள் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கின்றன. அடுத்த பூ எடுப்பதற்குள் யாராவது வந்து வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொல்கிறீர்களா?

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரன்